உடனடி வெந்நீர்க் கருவி: எந்த வீட்டுக்கு ஆகும், எந்த வீட்டுக்கு ஆகாது?

மார்கழி பிறந்துவிட்டால் கிராமத்து வீடுகளில் வெந்நீர்ப் பேச்சு தொடங்கிவிடும். வேலைக்குப் போகும் ஆண்கள் எப்படியும் மோட்டார் கொட்டகைக் குழாயில் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பூமிக்குள்ளிருந்து வரும் நீர் அந்த விடியற்காலையில் வெளிக்காற்றைவிடச் சூடாகவே இருக்கும். வெந்நீர் வேண்டியிருப்பது வயதானவர்களுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, கைக்குழந்தைக்கு, மூட்டு வலிக்காரர்களுக்கு. அதைப் போட்டுத் தருவது எப்போதும் வீட்டுப் பெண்களின் வேலை. நாலு மணிக்கு எழுந்து, பனியில் நனைந்த தென்னை மட்டையை ஊதி ஊதி எரிய வைத்து, புகையைக் குடித்து, அண்டாவைச் சுட வைத்த பிறகுதான் அந்த வீட்டில் காப்பிக்கே அடுப்பு எரியும்.

இந்தத் தொல்லை தீரட்டும் என்று டவுனில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வரும்போது ஒரு சிறு வெள்ளைப் பெட்டியை வாங்கி வருகிறான். பெரிய தொட்டி கிடையாது. உள்ளே ஒரு லிட்டர் அல்லது மூன்று லிட்டர் பிடிக்கும் சிறு அறையும் ஒரு காயிலும் மட்டுமே. ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர் நுழைகிறது, மறுபக்கம் வெந்நீர் வருகிறது. ‘இன்ஸ்டன்ட் கீசர்’ என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். விலையும் மூன்று, நான்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். “அம்மா இனி அடுப்பு ஊத வேண்டாம்” என்கிறான் மகன். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தப் பெட்டியை மாட்டப்போகும் சுவரில் ஓடுவது, என்றைக்கோ ஒரு பல்புக்கும் ஒரு விசிறிக்கும் போட்ட ஒயர்.

இந்தக் கருவி சிறு விவசாயியின் வீட்டுக்கு ஏற்றதா என்று கேட்டால், கருவி ஏற்றதுதான், பல வீடுகள்தாம் இன்னும் அதற்கு ஏற்றவையாக இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டி வாங்கும் பணத்தை முதலில் ஒயருக்கும் எர்த்துக்கும் செலவிட வேண்டும். பெட்டி அடுத்த மார்கழிக்கு வரலாம். இதற்கான காரணங்களைக் கணக்கோடு பார்ப்பது நல்லது.

ஒரு வாளி வெந்நீரின் கணக்கு

சமவெளி மாவட்டங்களில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் குளிர்காலக் காலையில் ஏறத்தாழ 27 டிகிரி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். குளிக்க 40 டிகிரி போதும். ஆக ஏற்ற வேண்டிய சூடு 13 டிகிரி. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். 20 லிட்டர் வாளிக்கு 260 கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆகவே ஒரு வாளி வெந்நீருக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே, அதாவது 0.3 யூனிட் செலவாகிறது.

இந்தக் கணக்கு எந்த மின் கருவிக்கும் ஒன்றுதான். தொட்டியில்லாக் கருவியானாலும், தொட்டிக் கருவியானாலும், வாளிக்குள் போடும் ராடானாலும், தண்ணீருக்குள் போக வேண்டிய சூடு அதேதான். “எங்கள் கருவியில் கரண்ட் பாதிதான் ஆகும்” என்று விற்பனையாளர் யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. வேறுபாடு வருவது வீணாகும் சூட்டில் மட்டுமே.

அந்த இடத்தில்தான் தொட்டியில்லாக் கருவிக்கு நியாயமான மதிப்பெண் கிடைக்கிறது. 25 லிட்டர் தொட்டிக் கருவியை 60 டிகிரிக்குச் சூடேற்ற ஒரு யூனிட்டுக்கு மிக அருகில் ஆகும், அரைமணி நேரமும் பிடிக்கும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் மூன்று பேர் குளிக்கலாம். மூன்று பேரும் அடுத்தடுத்துக் குளித்தால் வீண் இல்லை. பாட்டி ஒருத்திக்கு மட்டும் வெந்நீர் வேண்டிய வீட்டில் மீதிச் சூடு பெட்டிக்குள்ளேயே ஆறிப்போகும். ஸ்விட்சைப் போட்டவர் மறந்து வயலுக்குப் போய்விட்டால், நாள் முழுவதும் ஆறுவதும் மறுபடி சூடாவதுமாக ஏறத்தாழ அரை யூனிட் வரை வீணாகவே போகலாம். சிறு விவசாயியின் வீட்டில் வெந்நீர் ஆண்டு முழுவதும் வேண்டியதில்லை. குளிர் மாதங்களில் சில பேருக்கு, மற்ற மாதங்களில் காய்ச்சல் கண்டவருக்கோ குழந்தைக்கோ மட்டும். இப்படி எப்போதாவது, கொஞ்சமாக வேண்டிய இடத்துக்குத் தொட்டியில்லாக் கருவி பொருந்துகிறது. வேண்டியபோது போட்டு, ஒரு வாளி பிடித்து, அணைத்துவிடலாம்.

பில் எவ்வளவு ஏறும் என்பதையும் பார்க்கலாம். ஐந்து பேர் தினம் ஒரு வாளி வெந்நீரில் குளித்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்று ஆயிற்று. சின்ன வீட்டின் விளக்கு, விசிறி, டி.வி. எல்லாம் அந்த நூறுக்குள் ஏறக்குறைய அடங்கி வந்திருந்தால், வெந்நீர் மட்டும் அதே அளவு இன்னொரு நூறைக் கேட்கிறது. கட்டணமோ படிக்கட்டு போன்றது, மேலே போகப் போக யூனிட்டின் விலை கூடும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் என்றில்லாமல் தேவைப்படுகிற இரண்டு பேருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் 36 யூனிட்டோடு போகும்.

சுவருக்குள் இருக்கும் ஆபத்து

இப்போது ஒயர் விஷயத்துக்கு வரலாம். இந்தச் சிறு பெட்டியின் பசி பெரிது. சாதாரணமாக விற்பவை 3,000 வாட். ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சுட வைக்க வேண்டுமானால் அவ்வளவு வாட் இல்லாமல் முடியாது. தொட்டிக் கருவி 2,000 வாட்டிலேயே நிதானமாகச் சுட வைத்துக்கொள்ளும். 3,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். ஒரு சாதாரண எல்.இ.டி. பல்பு 9 வாட். முந்நூறுக்கும் மேற்பட்ட பல்புகளை ஒரே ஒயரில் எரிய விடுவதற்குச் சமம் இது.

பழைய வீடுகளில் விளக்குக்குப் போட்ட ஒயர் பெரும்பாலும் 1 சதுர மில்லி மீட்டர் செம்பு ஒயர்தான். மீட்டர் பெட்டியிலிருந்து குளியலறைக்கு 20 மீட்டர் தூரம் என்றால், 13 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒயரே நூறு வாட்டுக்கு மேல் சூட்டை விழுங்கும். அதாவது ஒரு பழைய நூறு வாட் குண்டு பல்பின் சூடு முழுவதும் சுவருக்குள், பிளாஸ்டிக் குழாய்க்குள் பரவிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. இரண்டு குளிர்காலம் போனால் ஒயரின் மேலுறை காய்ந்து நொறுங்கும். இணைப்பு தளர்ந்த இடத்தில் பிளக் கருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று வீட்டில் இருப்பவர் பட்டையான கம்பியைச் சுற்றி வைப்பார். அப்புறம் ஃபியூஸ் போகாது. காக்க வேண்டியது எதுவும் காக்காது.

ஆகவே இந்தக் கருவிக்கு மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக, குறைந்தது 2.5 சதுர மில்லி மீட்டர் செம்பு ஒயர் இழுக்க வேண்டும். தூரம் அதிகமானால் 4 சதுர மில்லி மீட்டர். 16 ஆம்பியர் பிளக்கும், அதற்கென்று தனி எம்.சி.பி.யும் வேண்டும். ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். குடிசை இணைப்பு, ஒரு விளக்கு இணைப்பு என்று வாங்கியிருப்பவர்கள் இந்தக் கருவியை நினைக்கவே கூடாது. மற்றவர்களும் தங்கள் வீட்டு இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்பதை மின்வாரிய அட்டையில் பார்த்துக்கொள்வது நல்லது.

எர்த் விஷயத்தில் நடக்கும் அலட்சியம் இன்னும் மோசம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. காயில் விரிசல் கண்டால் மின்சாரம் தண்ணீர் வழியாகவே குளிப்பவர் கைக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் அது பூமிக்குப் போகும். இல்லாவிட்டால் குளிப்பவர் உடம்பே பூமிக்கு வழி. பல வீடுகளில் மூன்று துளை பிளக்கின் மேல் துளைக்கு ஒயரே வந்திருக்காது. சில ஒயர்மேன்கள் நியூட்ரலையே எர்த் துளையில் சேர்த்துவிட்டு, “எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லிப் போவதும் உண்டு. ஒன்றல்ல. கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் காற்றில் அறுந்தால், கருவியின் மேல் உள்ள உலோகம் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும்.

எர்த்தோடு, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்சையும் போட வேண்டும். இதை இன்னும் ‘ஈ.எல்.சி.பி.’ என்றே கடைகளில் கேட்டு வாங்குகிறார்கள். எம்.சி.பி. ஒயரைத்தான் காக்கும், ஆளைக் காப்பது இதுதான். அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

விடியற்காலை வோல்டேஜ்

கடையில் சுவிட்சைப் போட்டுக் காட்டும்போது சில நொடிகளில் ஆவி பறக்கிறது. கிராமத்து வீட்டில் அதே கருவி வெதுவெதுப்பாகக்கூடத் தருவதில்லை. கருவியை மாற்றக் கடைக்கு அலைபவர்கள் வோல்டேஜைப் பார்ப்பதில்லை. காயிலின் சூடு வோல்டேஜின் வர்க்கப்படி குறையும். 230 வோல்ட்டில் 3,000 வாட் தரும் கருவி, 180 வோல்ட்டில் 1,850 வாட் கூடத் தராது. 6 நிமிடத்தில் நிறைய வேண்டிய வாளி 10 நிமிடம் எடுக்கும். குழாயைச் சிறிதாகத் திறந்து வைத்தால் சூடு கிடைக்கும், பொறுமைதான் வேண்டும். இதற்காக ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு. 3,000 வாட் தாங்கும் ஸ்டெபிலைசரின் விலை கருவியின் விலையை மிஞ்சிவிடும்.

இதில் ஊருக்கே சேர்ந்த சங்கடம் ஒன்றும் உண்டு. தெருமுனையில் நிற்பது 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் என்றால், 21 வீடுகளில் இந்தக் கருவியை ஒரே நேரத்தில் போட்டாலே அதன் திறன் முடிந்தது. வெந்நீர் எல்லோருக்கும் வேண்டியதோ அதே ஐந்தரை மணி, ஆறு மணிக்குத்தான். பல ஊர்களில் வீடுகளும் பம்ப்செட்டுகளும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கின்றன. காலையில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போடுகிறவர், தெருவில் வெந்நீர் ஓடுகிற அதே நேரத்தில் குறைந்த வோல்டேஜில் மோட்டாரை ஓட்டுகிறார். வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் குறைவாக இழுத்துக்கொள்ளும். மோட்டார் அப்படியல்ல, அதிக ஆம்பியர் இழுத்துத் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும். காயில் கட்ட ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால், வெந்நீர்க் கருவி வேகமாகப் பரவுகிற ஊரில் டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கச் சொல்லிப் பஞ்சாயத்து மூலம் மின்வாரியத்துக்கு மனு கொடுப்பது விவசாயிகளின் வேலையே ஆகும். கருவி வைத்திருப்பவர்களும் முன்னே பின்னே நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். ஒருவருக்கொருவர் வாய்க்கால் முறை வைத்துப் பழகிய ஊர்களுக்கு இது புதிதல்ல.

வோல்டேஜ் பேச்சோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்து வீட்டில் குடியிருப்போர் சிலர், பம்ப்செட்டுக்கு வரும் இலவச மின்சாரத்திலிருந்தே ஒரு ஒயர் இழுத்து ஹீட்டரை மாட்டிவிடுகிறார்கள். விவசாயத்துக்கென்று கொடுத்த இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126, 135 பிரிவுகளின் கீழ் வரும் குற்றச்சாட்டு. பறக்கும் படை வந்து போடும் அபராதத்தில் பத்துக் கருவி வாங்கலாம். அதைவிட, இலவச மின்சாரத்துக்கே குறை சொல்லக் காத்திருப்பவர்களுக்கு இது வாய்க்கு அவல் போட்டது போலாகும்.

உப்புத் தண்ணீரும் மலைக் குளிரும்

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். சூடேற்றும்போது அந்தச் சுண்ணாம்பு காயிலின் மேல் பாறையாகப் படிகிறது. படிந்த பாறை சூட்டைத் தண்ணீருக்கு விடாது. காயில் உள்ளேயே புழுங்கி எரிந்துபோகும். தொட்டியில்லாக் கருவியில் அறை சிறியது, காயில் நெருக்கமாக இருக்கும், அதனால் பாதிப்பு சீக்கிரம் தெரியும். இரண்டு ஆண்டில் காயில் போயிற்று என்றால் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. கடினத் தண்ணீர் உள்ளவர்கள் மிதமான சூட்டிலேயே நிறுத்துவதும், வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பை எடுக்கச் சொல்வதும் அவசியம். மழைநீர் சேமிக்கும் தொட்டி இருந்தால் அந்த நீரைக் கருவிக்கு விடலாம். மேல்நிலைத் தொட்டி காலியாக இருக்கும்போது ஸ்விட்சைப் போட்டாலும் காயிலுக்குக் கேடு. குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும்.

நீலகிரி, கொடைக்கானல் பகுதி விவசாயிகளுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே தண்ணீர் 12 டிகிரியில் வந்தால் 28 டிகிரி ஏற்ற வேண்டும். 3,000 வாட் கருவி நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும். ஒரு வாளிக்கு 13 நிமிடம். குளிர் நாடுகளில் தொட்டியில்லாக் கருவிகளை வீடு முழுவதற்கும் வைக்கிறார்களே என்றால், அங்கே மின்சார வகை 18,000 வாட்டுக்கும் மேல் போகிறது. அதற்கேற்ற இணைப்பும் அங்கே உண்டு. மலை ஊர்க் குடும்பங்களுக்கு நன்றாகச் சூடு தாங்கும் தொட்டி வகையே மேல். அதிலும் நட்சத்திர முத்திரை அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

காஸும் ராடும்

தொட்டியில்லாக் கருவிகளில் காஸில் எரிவதும் உண்டு. மின்வெட்டுக்குக் கவலையில்லை, வோல்டேஜ் தொல்லை இல்லை, தண்ணீரும் தாராளமாக வரும். ஐந்து பேர் குளித்தால் 14.2 கிலோ சிலிண்டர் மூன்று மாதம் வரும். சொல்லப்போனால் இது கிராமத்துக்கு ஏற்ற கருவிபோலவே தோன்றும். ஆயினும் இதைச் சிபாரிசு செய்ய மனம் வருவதற்கில்லை. எரியும் காஸ் குளியலறைக் காற்றில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் கால் ஓய்ந்துவிடும். கதவைத் தாழிட்டுக்கொண்டு குளிக்கப் போனவர் திரும்பாத செய்திகள் குளிர்காலத்தில் வராமல் இருப்பதில்லை. கிராமத்துக் குளியலறைகள் சிறியவை. குளிருக்கு அஞ்சி ஜன்னலிலும் சாக்கைத் திணித்து வைப்பார்கள். வாங்கியே தீருவோம் என்பவர்கள் கருவியைக் குளியலறைக்கு வெளியே, திறந்த தாழ்வாரத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டும். இன்னொரு சங்கடம், தண்ணீர் அழுத்தம் குறைந்தால் இந்தக் கருவி பற்றாது. ஓட்டு வீட்டின் பக்கத்தில் தாழ்ந்த மேடையில் வைத்த தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குப் பெரும்பாலும் அந்த வேகம் இருக்காது.

வாளிக்குள் போடும் ராடு எல்லாவற்றிலும் மலிவு. கணக்கிலும் குறை சொல்ல முடியாது, அதே 0.3 யூனிட்தான். 1,500 வாட் ராடு 12 நிமிடத்தில் ஒரு வாளியைச் சுட வைக்கும். ஒயருக்கும் பளு பாதிதான். ஆனால் சூடு ஏறிவிட்டதா என்று ராடு எரியும்போதே வாளியில் கையை விட்டுப் பார்க்கும் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. தவழும் குழந்தையும், கண் மங்கிய முதியவரும் உள்ள வீட்டில், யார் வேண்டுமானாலும் தொடக்கூடிய உயரத்தில் மின்சாரம் பாயும் வாளியை வைப்பதைவிட, சுவரில் எட்டாத உயரத்தில் இருக்கும் பெட்டி எவ்வளவோ மேல். தொட்டியில்லாக் கருவிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுவே.

விறகு இலவசமா?

“வயலிலே மட்டையும் மாரும் சும்மாக் கிடக்கும்போது கரண்டுக்கு எதற்குக் காசு?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் அண்டாவுக்குப் போகிறது. ஒரு ஆள் வெந்நீருக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ விறகு வேண்டும். ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோவுக்கு மேல். தென்னை மட்டையும் பாளையும் பாத்தியில் மூடாக்காகக் கிடந்தால் கோடையில் ஈரம் காக்கும், மக்கி உரமாகும். இவற்றைச் சாம்பலாக்கி விட்டுப் பிறகு உரமூட்டை வாங்கப் போவதை இலவசம் என்று சொல்ல முடியாது. அந்த விறகைப் பொறுக்கி, உலர்த்தி, ஊதுகிற பெண்ணின் கூலியையும் கண்ணெரிச்சலையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. விறகிலேயே தொடர விரும்புவோர், நடுவில் புகைக் குழாய் வைத்த செம்பு பாய்லரை வெளித் திண்ணையில் வைத்துக்கொண்டால் பாதி விறகு மிச்சமாகும்.

சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. 25 கிலோ சாணம் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு தரும். ஐந்து பேர் குளிக்கிற வெந்நீருக்கு அரைக் கன மீட்டர் போதும். ஆக, ஒரு பசுவின் ஒரு நாள் சாணம் ஒரு குடும்பத்தின் வெந்நீர். சமையலுக்குப் போக மிச்சமிருந்தால் இதைவிடச் சிக்கனம் எதிலும் இல்லை, கழிவும் வயலுக்கே போகிறது. சூரிய வெந்நீர்க் கருவியோ ஆண்டு முழுவதும் வெந்நீர் வேண்டிய வீட்டுக்குச் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின்போது வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் அது கைவிட்டுவிடும். முதல் போடும் பணமும் அதிகம்.

கறவை மாடு வைத்திருப்போருக்கு மடி கழுவ வெதுவெதுப்பான நீர் தர இந்தச் சிறு கருவி உதவும். பால் கேன் கழுவுவதற்குக் கொதிக்கக் கொதிக்க வேண்டும். அதற்கு அடுப்புத்தான்.

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதன் கீழ் ஐ.எஸ். 8978 என்ற எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். மின்சாரத் தொட்டியில்லாக் கருவிக்கு உரிய எண் அது. பண்டிகை நெரிசலில் ஒயர்மேன் கிடைக்க மாட்டார். மகன் பொங்கலுக்கு வரும்போது பெட்டியோடு வருவதைவிட, ஐப்பசியிலேயே ஒருநாள் வந்து தனி ஒயரும் எர்த்தும் போட்டுவிட்டுப் போவது உசிதம். வேலை ஒரு நாளில் முடியும். எர்த் குழியை வறண்ட முன்வாசலில் தோண்டாமல், குளியலறைத் தண்ணீர் வடிந்து போகும் வாழைத் தாற்றுப் பக்கமாகத் தோண்டச் சொன்னால், கரியும் உப்பும் போட்ட குழி கோடையிலும் காயாமல் ஈரமாகவே இருக்கும்.